எண்ணெய் காட்டக்கூடாத கல்

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: பல வீடுகளில் சமையலறை என்ற அறை இருக்கும், சமையலறை இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் நீட்டிக்கொண்டிருக்கும். மேடை, தொட்டி, அடுப்பு எல்லாம் நாமே வாங்கிப் போட வேண்டும். காலி செய்கிறவர் தன்னுடையதை நமக்கு விற்றுவிட்டுப் போவதும் உண்டு. ஸ்டுட்கார்ட்டில் எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது. ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு செவ்வகக் கல் கிடந்தது. கனமாக இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனார்கள். ஓவனுக்குள் சூடாக்கி அதன்மேல் பீட்சா சுடும் கல், பீட்சா கல்.

கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் ஊரில் நினைப்பார்கள். சித்தப்பா கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவர். போனில் கேட்டதும் சிரித்தார். "ரொட்டி சுட ஒரு கல்லா? நம்மூர்ல இல்லாத கல்லா? ஒரு பலகை அறுத்துத் தர்றேன், அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போ." இங்கே கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் பளபளப்பான கற்களில் நிறைய இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவைதான், அதனால் கிரானைட்டுக்கு இங்கேயும் பஞ்சமில்லை. ஆனால் ஓவனுக்கு அது சரிவராது. கிரானைட்டுக்குள் இருக்கும் பலவகைத் தாதுக்கள் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. சுட்டு ஆற, சுட்டு ஆற, உள்ளே நுண்ணிய விரிசல் விழும். பாலிஷ் பலகையில் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் ஏற்றியிருப்பார்கள். சாப்பாட்டுக்கு அது வேண்டாம்.

பீட்சா கற்களில் பலவும் கார்டியரைட் என்ற பீங்கான் வகை. சூட்டில் மிகக் குறைவாகவே விரியும், அதனால் தாங்கும். ஓசூரில் வண்டிக் கம்பெனியில் இருக்கும் மாமாவுக்கு இந்தப் பெயர் முன்பே தெரிந்திருந்தது. வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தப் புகைக்குழாயில் வைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பல நேரம் இருப்பதும் இதே கார்டியரைட்தான்.

கல் செய்யும் வேலை இரண்டு. வாங்கி வைத்த சூட்டை மாவின் அடியில் ஒரே மூச்சில் இறக்குகிறது. அதன் நுண்துளைகள் மாவின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சுகின்றன. அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வருவது இதனால்தான். இத்தாலியின் நேப்பிள்ஸில் விறகு அடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். வீட்டு ஓவன் 250, மிஞ்சினால் 275. கல் இருந்தாலும் ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஆகும்.

கல்லைக் குளிர்ந்த ஓவனில் வைத்துத்தான் சூட்டை ஏற்ற வேண்டும். ஓவனின் சூடு காட்டும் விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம், கல் இன்னும் பாதியில்தான் இருக்கும். முழுதாக முக்கால் மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விட வேண்டும். மின்சாரம் யூனிட்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது சென்ட் விற்கும் ஊரில் இது மனதை உறுத்தும். அதனால் ஒரு பீட்சாவுக்காகக் கல்லைச் சூடாக்குவதில்லை. வரிசையாக மூன்று நான்கு பீட்சா, அதன்பிறகு நான் ரொட்டி, கடைசியில் அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் வேர்க்கடலை. மாவு ஒட்டாமல் கல்லில் வழுக்கி இறங்க, மாவை ஓவனுக்குள் தள்ளும் மரப்பலகையில் ரவை தூவினால் போதும். பேக்கிங் தாள் போடலாமே என்பார்கள். கடைத் தாள்களில் பெரும்பாலும் 220 டிகிரி வரை என்றுதான் அச்சிட்டிருக்கும்.

பராமரிப்பில்தான் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வரும். அம்மா தொண்ணூறு நாள் விசாவில் வந்திருந்தபோது, கல்லைப் பார்த்ததும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தோசைக்கல்லுக்கு அதுதானே முறை. இதில் எண்ணெய் துளைக்குள் இறங்கும், சூட்டில் புகையும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். கூரையில் புகை அலாரம் வேறு இருக்கிறது. சோப்பும் அப்படித்தான், குடித்த சோப்பை அடுத்த ரொட்டியில் திருப்பிக் கொடுக்கும். ஊறவைக்கவே கூடாது, உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளக்கலாம். முழுதாக ஆறிய பிறகு ஒட்டிய சீஸைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டால் சரி. சூடான கல்லில் தண்ணீர் தெளிப்பதும், ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததை அப்படியே வைப்பதும் ஆபத்து. கறை போகாது, போக வேண்டியதும் இல்லை. "இப்படிக் கறுப்பா வச்சிருக்கியே, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க" என்று அம்மா கடைசி நாள்வரை முணுமுணுத்தார்.

ஐரோப்பாவுக்குள் நெய் கொண்டுவர விடமாட்டார்கள், பால் பொருளுக்குத் தடை. கேழ்வரகு மாவுக்குத் தடையில்லை, ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். களி போக மீந்ததை மைதாவோடு கலந்து பார்த்தோம். கேழ்வரகில் பசைத்தன்மை தரும் குளூட்டன் கிடையாது. கால் பங்குக்கு மேல் போனால் மாவு இழுபடாமல் பிய்கிறது. கால் பங்கில் வந்த ரொட்டி நன்றாக இருந்தது. மேலே சீஸ் வேண்டாம் என்று அம்மா முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டார். பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி இரண்டு துண்டு வாங்கிப் போனார், கீரையின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இப்போது கிருஷ்ணகிரியில் அக்காவுக்கும் ஒரு கல் வேண்டுமாம். "தம்பி, என் ஓடிஜில போகுமா?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். மேஜையில் வைக்கிற அந்தச் சின்ன ஓவனில் முப்பது சென்டிமீட்டர் வட்டக் கல் போவது சந்தேகம். போனாலும் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சூடான காற்று மேலே ஏறாது. நல்ல கனமான கல்லைக் கம்பித்தட்டு தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். வெளிப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாமல், உள்ளே டேப் வைத்து அகலமும் ஆழமும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டாள். கதவைத் திறக்காமல் இரு, கல்லில் சூடு நிற்கும், உள்ளே இருக்கிற ஒன்று வெந்துவிடும் என்றேன்.