வீடு இருப்பவர்களுக்கான விதிகள்

கலிபோர்னியாவில் ஒரு கவுன்டி (மாவட்டம் மாதிரி) நலத்துறை அலுவலகத்தில் எலிஜிபிலிட்டி வொர்க்கராக இருக்கிறேன். யாருக்கு உணவு உதவி, யாருக்கு மருத்துவக் காப்பீடு என்று விதியைப் பார்த்து முடிவு சொல்கிற வேலை. தெருவில் படுப்பவர் வருமான வரம்பைத் தாண்டிப் போவது அபூர்வம். அவர்களை வெளியே தள்ளுவது வேறு: வீடு இருப்பவரை மனதில் வைத்து எழுதிய சின்னச் சின்ன விதிகள்.

இங்குள்ள உணவு உதவித் திட்டமான கால்ஃப்ரெஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க அதற்கு ஸ்னாப் என்று பெயர். பழைய ஆட்களுக்கு இன்னும் ஃபுட் ஸ்டாம்ப். ஈபிடி கார்டில் பணம் ஏறும், ஆனால் சூடான உணவு வாங்க முடியாது. அதே சுட்ட கோழி குளிர்பெட்டியில் இருந்தால் வாங்கலாம், சூட்டோடு இருந்தால் கூடாது. அடுப்பு இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பாலத்தடியில் இருப்பவர் பச்சரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வீடற்றவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உணவகத்தில் கார்டைத் தேய்க்க அனுமதிக்கும் ஏற்பாடு முன்பு சில கவுன்டிகளில்தான் இருந்தது. 2021-ல்தான் மாநிலம் முழுக்க வந்தது.

விண்ணப்பிக்க முகவரி தேவையில்லை. கையில் காசே இல்லை என்றால் 3 நாளில் உதவி தர வேண்டும். இதெல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் பெரும்பாலான கேஸ்களில் ஆறு மாதம் கழித்து ஒரு அறிக்கைப் படிவம் போகும். தபாலில். அலுவலக முகவரியையே கொடுத்துவிட்டு இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம், சரி, ஆனால் வர நினைவிருக்க வேண்டுமே. நிரப்பிய படிவம் திரும்பி வராவிட்டால் கேஸ் மூடிவிடும். அப்புறம் அதே ஆள் புது விண்ணப்பத்தோடு வருவார். பழைய கேள்விகள், பழைய பதில்கள். கணக்கில் ஒருவர் வெளியேறினார், ஒருவர் சேர்ந்தார்.

எனக்கு அதிகம் உறுத்துவது எஸ்எஸ்ஐ. வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு மாதாமாதம் தரும் பணம். அதை வாங்குபவர்களுக்கு 2019 ஜூன் வரை இந்த மாநிலத்தில் கால்ஃப்ரெஷ் கிடையாது. அந்தத் தடை நீங்கியது பெரிய ஆறுதல். ஆனால் எஸ்எஸ்ஐயின் சேமிப்பு வரம்பு அப்படியே நிற்கிறது. தனி ஆளிடம் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது, தம்பதி என்றால் 3,000. 1989-லிருந்து இதே எண். இங்கே ஒரு வீட்டுக்குள் போக முதல் மாத வாடகையும் முன்பணமும் சேர்த்தாலே பல இடங்களில் 2,000-ஐத் தாண்டிவிடும். ஆக, வீடு எடுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் உதவி நிற்கும், சேர்க்காவிட்டால் வீடு கிடைக்காது. வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் வாடகை வவுச்சர் இருக்கிறதே என்பார்கள். உணவு உதவி தகுதியுள்ள எல்லோருக்கும் உண்டு. வவுச்சர் அப்படியல்ல, நிதி உள்ளவரைதான். வரிசை வருடக்கணக்கில் நீளும்.

ஒரு வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கில் போடும் பணத்தில் 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ வரம்பில் சேராது. ஆனால் உடல்நலக் குறைபாடு 26 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்தது; 2026 ஜனவரி முதல் அது 46. ஐம்பதைத் தாண்டி முதுகு போய், வேலை போய், காரில் தூங்குகிறவருக்கு இதுவும் உதவாது. மற்றவர்களிடம், "எந்த வயதில் ஆரம்பித்தது? மருத்துவச் சீட்டு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறேன். சீட்டைத்தான் பலரும் பையோடு எங்கோ தொலைத்திருப்பார்கள்.