காலி மனைக்கு மாநகராட்சி போட்ட சுத்தம் செய்த பில்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மனையைச் சுத்தம் செய்த கூலியை மாநகராட்சி கேட்பதில் எனக்குச் சண்டை இல்லை. சீமைக் கருவேலம் மண்டி, அடியில் மழைத் தண்ணீர் நின்று, பக்கத்து வீட்டுக்குள் பாம்பு போனால் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். ஆத்திரம் வந்தது, பில்லில் போட்டிருந்த பரப்பு எங்கள் மனையின் பரப்பே இல்லை என்பதில்தான்.

சட்டம் அவர்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்கியிருந்தால், 1939ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டப்படி சுகாதார அலுவலர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். அதில் தரும் அவகாசம் 24 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். உரிமையாளர் செய்யாவிட்டால் அவர்களே செய்து, செலவைச் சொத்துவரி போலவே வசூலிக்கலாம். எனவே "என் இடத்தில் எப்படி நுழையலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாதம் எடுபடாது. நோட்டீஸ் யார் பெயருக்குப் போனது, எவ்வளவு வேலை நடந்தது, அதில் எவ்வளவு நம் மனையில் நடந்தது, இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும்.

நோட்டீஸ் பெரும்பாலும் தவறுவது பெயரில். பத்திரம் பதிந்து, பட்டாவும் மாறியிருக்கும். காலிமனை வரிப் பதிவேட்டில் மட்டும் விற்றவர் பெயர், பழைய முகவரி. பட்டா வருவாய்த் துறையுடையது, வரி மாநகராட்சியுடையது. ஒன்றில் மாறினால் இன்னொன்றிலும் மாறிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம், வரி ரசீதை எடுத்துப் பெயரைப் பாருங்கள். முகவரிக்குப் போன நோட்டீஸ் திரும்பி வந்தால் மனையிலேயே ஒட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து மனை வேலியில் ஒட்டிய காகிதமாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது கவுன்ட்டர். "சிஸ்டத்துல ஏறிடுச்சு சார், கட்டித்தான் ஆகணும்" என்பதுதான் அங்கே கிடைக்கும் ஒரே பதில். நோட்டீஸ் கொடுத்தது சுகாதார ஆய்வாளர், அளந்தது உதவிப் பொறியாளர், தொகையை ஏற்றியது வருவாய்ப் பிரிவு. வருவாய்ப் பிரிவு ஜன்னலில் நின்று பரப்பளவு பற்றிப் பேசினால் அரை நாள் போகும், வேறொன்றும் நடக்காது. நேராக உதவிப் பொறியாளரிடம் போய் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள பரப்பை உங்கள் மனையோடு ஒப்பிட: ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். எங்கள் பில்லில் உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண்ணின் மொத்தப் பரப்பும் ஏறியிருந்தது. எல்லைக் கல் இல்லாத மனைகள் வரிசையாக இருந்தால் ஜேசிபி ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டுப் போகும், பில் மட்டும் அகப்பட்டவர் தலையில் விழும். இதை உடைத்தது பட்டாவும், மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும்தான். இரண்டையும் இணையத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பரப்பு சரியானாலும் மிச்சத்தை விடாதீர்கள். ஜேசிபி ஓடிய மணிக்கணக்குக்கு லாக் ஷீட், லாரி லோடுகளுக்கு எடைமேடைச் சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் இருந்தாக வேண்டும். வாயால் கேட்டுத் தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். ஆட்சேபக் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதிகாரி மேசையில் வைத்துவிட்டு வந்த கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

திருத்திய தொகை வந்ததும் கட்டிவிட்டோம். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. எந்தத் தலைப்பில் வரவு வைக்கிறார்கள் என்று ரசீதைப் பார்க்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். காலிமனை வரி முன்பணமாக ஏறிவிட்டால் சுத்தம் செய்த பாக்கி அப்படியே நிற்கும்.

காலி மனை வாங்கப் போகிறவர்களுக்கு: இந்தப் பாக்கி வில்லங்கச் சான்றில் வராது. அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வரி எண்ணைக் கேட்டு, மாநகராட்சியில் நிலுவையைப் பாருங்கள்.

அவர்கள் வெட்டியதோடு கருவேலம் ஒழிந்ததென்று நினைக்க வேண்டாம். தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும், உதிர்ந்த காய்களையும் பொறுக்க வேண்டும். இதெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிந்தால் நல்லது. பள்ளத்தைக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்காதீர்கள், அதற்குத் தனி அபராதம். கிராவல் அடித்துத் தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். மதில் சுவரை விடக் கல்தூண் நட்டுக் கம்பிவலை போடுவதே மேல். சுவருக்குப் பின்னால் குப்பை கொட்டினால் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் தேதியும் இடமும் பதிவாகும் படங்களை எடுத்து, வார்டு சுகாதார ஆய்வாளருக்கு ஒரு கடிதத்தோடு கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள்.