மூடி இன்னும் படியவில்லை

பிப்ரவரி 2

பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு மரப்பெட்டி. ஆறு பைன் பலகை. எல்லாம் பழைய பெட்டிகளைப் பிரித்து எடுத்தவை. ஆணியைக் கழற்றும்போது முதலில் கூர்முனையைத் தட்டித் தலையை வெளியே கொண்டுவர வேண்டும், பிறகுதான் குறடு. தலையடியில் நெம்பினால் பலகையில் பிறை வடிவத்தில் குழி விழும். அந்தக் குழி எத்தனை பூச்சு பூசினாலும் தெரியும். கடைசியாகக் காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டினேன். உள்ளே ஒடிந்து கிடந்த இரண்டு ஆணி சிக்கின. இழைப்புளி அலகு தப்பித்தது.

ஒரு பலகையில் பச்சைப் பெயின்ட், அதற்கடியில் பழைய வெள்ளை. அந்த வெள்ளைதான் உறுத்துகிறது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்காவே 1978ல்தான் தடை செய்தது. வயது தெரியாத பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது; ஆபத்து தூளில்தான். இந்தப் பெட்டியின் விளிம்பை ஒருநாள் யார் கடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது தெரிந்ததுதானே.

பிப்ரவரி 3

ஈயச் சோதனைக் குச்சியின் முனை ரோஸ் நிறமாகிவிட்டது. ஈயம் இருக்கிறது. பச்சைப் பலகையைப் பாலித்தீனில் சுற்றி ஓரம் கட்டியாயிற்று. மீதி ஐந்து.

பிப்ரவரி 5

அளவு முடிவானது: நீளம் 500, அகலம் 280, உயரம் 260 மி.மீ. பலகைக் கனம் 18.

நாட்டுப்புறப் பெட்டிக்குப் புறாவால் இணைப்பு (பலகை முனைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோப்பது) கட்டாயம் இல்லை. முன்பலகை, பின்பலகை இரண்டுக்கும் நடுவில் பக்கப் பலகை. பசை, ஆணி, அவ்வளவுதான். ஆனால் ஆணி நேராக இறங்கக் கூடாது. ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய வேண்டும், அப்போதுதான் இழுத்தால் வராது. 50 மி.மீ. ஆணிக்கு 2 மி.மீ. துளை முன்னதாகப் போட்டேன். ஆணி முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிடுவதும் அவசியம். கூர்முனை நாரை ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு போகும், மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். ஒரே ரேகையில் இரண்டு ஆணி அடித்தால் எப்படி அடித்தாலும் பிளக்கும்.

நாலு பலகையிலும் ரேகை படுக்கையாகவே ஓடுகிறது. மழையோ வெயிலோ, சேர்ந்து வீங்கிச் சேர்ந்து சுருங்கும்.

அடிப்பலகை காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், சும்மா உட்கார்ந்திருக்கிறது. பசை இல்லை. முன்னும் பின்னும் 2 மி.மீ. இடைவெளி.

பிப்ரவரி 6

மூடி. 280 அகலத்துக்கு ஒரே பலகை கிடைத்தது. சந்தோஷம் கொஞ்சம், கவலை நிறைய. அகலப் பலகை ஒரு நாளும் சும்மா இருக்காது. மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினாலே இந்த அகலத்தில் 2 மி.மீ.க்கு மேல் கூடும், குறையும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது.

குறுக்கு வெட்டைப் பார்த்தேன். ஆண்டு வளையங்கள் வில் மாதிரி. பலகை காயக் காய அந்த வில் நிமிரப் பார்க்கும், அதனால் பட்டைப் பக்கம் குழியும். பட்டைப் பக்கத்தைக் கீழே வைத்தேன். மூடி வளைந்தால் நடு எழும்பட்டும், ஓரம் அழுந்தட்டும். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் மூடியைப் போல அசிங்கம் வேறில்லை.

பிப்ரவரி 8

பால் பெயின்ட்.

ஆடை நீக்கிய பால் 1 லிட்டர். விரல் பொறுக்கும் சூடு, 40 டிகிரி போல. வினிகர் 80 மி.லி. ஊற்றி இரண்டே சுற்றுக் கிளறி அரை மணி நேரம் விட்டேன். திரளை தனியாக, தெளிநீர் தனியாக. மெல்லிய துணியில் வடித்து மூன்று முறை அலசல். இந்த அலசலில் சோம்பல் கூடாது. மிஞ்சிய வினிகர் சுண்ணாம்பின் காரத்தை முறித்துவிடும், திரளை கரையாமல் மணல் மணலாக நிற்கும். பிழிந்தபின் 130 கிராம்.

அதற்கு நீற்றுச் சுண்ணாம்புத் தூள் 16 கிராம், ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும். நீற்றியது என்றாலும் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்துத் திரளையில் சேர்த்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டியெல்லாம் இளகிப் பசை போல ஆகும். கொழுப்புள்ள பால் எடுத்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்: கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகிவிடும், பூச்சு மரத்தில் பிடிக்காது.

நிறத்தூளைத் தனியே தண்ணீரில் குழைத்துத்தான் கலக்க வேண்டும். நேரே கொட்டினால் பூசும்போது புள்ளி புள்ளியாக வெடித்துக் கோடு இழுக்கும். காவி, மஞ்சள் காவி, கரி, அல்ட்ராமரின் நீலம் எல்லாம் சுண்ணாம்பைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் தாங்காது, பழுப்பாகிப் போகும்.

வேகமாக அடித்துக் கலக்கினால் நுரை, நுரை காய்ந்தால் ஊசித்துளை. அரை மணி வைத்திருந்து துணியில் வடிகட்டினேன்.

பிப்ரவரி 9

மிச்சம் வைத்த பெயின்ட் தண்ணீராக ஓடுகிறது. அமோனியா வாடை. கொட்டியாயிற்று. அன்றைக்குப் பூசப் போவதை மட்டும் கலக்க வேண்டும் என்று எத்தனை முறைதான் எழுதுவது.

பிப்ரவரி 10

புதுக் கலவை. மரத்தை ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைக் காய்ந்தபின் 180 நம்பர் உப்புத்தாளால் ஒரு இழுப்பு. இதைச் செய்யாவிட்டால் முதல் பூச்சிலேயே மரம் மயிர்க்கூச்செறிந்து நிற்கும்.

முதல் பூச்சு காவி. பெட்டியின் வெளிப்பக்கம், மூடியின் மேல்பக்கம். ஈரத்தில் அடர்த்தியாக இருப்பது காய்ந்தால் வெளிறும். கண்ணை நம்பி இன்னும் தூள் போடக் கூடாது, மிச்சப் பலகைத் துண்டில் காயவிட்டுப் பார்த்த பிறகே முடிவு.

மாலையில் கணு இருந்த இடமெல்லாம் மஞ்சள் கறை. பிசின்தான். கணுவுக்கு முதலிலேயே அவலரக்கு (ஷெல்லாக்) தொட்டிருக்க வேண்டும், லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம். இப்போது தேய்த்து எடுத்துவிட்டுத் தொட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

மூடி நடுவில் 3 மி.மீ. எழும்பிவிட்டது.

பிப்ரவரி 12

பெட்டிக்கு இரண்டாம் பூச்சு, நீலம். அதற்கு முன் மூலைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். மெழுகுள்ள இடத்தில் நீலம் பிடிக்காது, துணியால் துடைத்தால் உரிந்து காவி எட்டிப் பார்க்கும்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் விஷயம். உண்மையில் தேயும் இடங்கள் மூடியின் முன்விளிம்பு, கைபிடி ஓரம், அடி மூலைகள். முன்பலகையின் நடுவே தேய்ந்தது போலச் செய்துவைப்பார்கள் சிலர். எந்தக் கை அங்கே போய் உராயும்?

மூடிக்கு நீலம் பூசவில்லை. பயம்.

பிப்ரவரி 13

மூடி மறுபக்கம் திரும்பிவிட்டது. இப்போது ஓரம் தூக்கி, நடு குழிந்து. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் நடுவில் 2 மி.மீ. வெளிச்சம்.

காரணம் தெரிகிறது, தெரிந்தும் செய்தேன். தண்ணீர் கலந்த பூச்சை ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கத்து நார் வீங்கும். அடுத்த பக்கம் உலர்ந்தே இருப்பதால் வீங்க இடமில்லாமல் நார் தனக்குள்ளேயே நசுங்கும். காயும்போது பழைய அளவைவிடச் சிறிதாகிவிடும். ஈரத்தில் எழும்பியது காய்ந்தால் குழியும். மேலே எத்தனை பூச்சோ கீழேயும் அத்தனை பூச்சு, அதே நாளில். யாரும் பார்க்காத அடிப்பக்கம்தானே என்று விட்டால் அந்த அடிப்பக்கம்தான் எல்லோரும் பார்க்கும்படி மூடியை வளைத்துக் காட்டும்.

வளைந்த பலகையைச் சரி செய்ய, குழிந்த பக்கத்தை ஈரத்தின் மேல் கவிழ்த்து, எழும்பிய பக்கத்தை வெயிலுக்குக் காட்டுவது வழக்கம். குழிந்த பக்கத்தில்தான் பெயின்ட் இருக்கிறது. எண்ணெய் ஏறாத பால் பெயின்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வட்டம் விழும். ஆகவே வெயில் மட்டும். கால் மணிக்கு ஒருமுறை மட்டப்பலகை. மறந்துவிட்டால் வளைவு மறுபடி மறுபக்கம் போகும்.

ஒன்றரை மணி நேரத்தில் 1 மி.மீ. உடனே அடிப்பக்கம் ஒரு பூச்சு. இரண்டு சட்டத்துக்கு நடுவில் வைத்துக் கிளாம்ப் போட்டேன். இரு பக்கமும் காற்றுப் போக வேண்டும், தரையோடு அழுத்தி வைத்தால் ஒரு பக்கம் காயாது.

பிப்ரவரி 14

1 மி.மீ.தான் இன்னும்.

பிப்ரவரி 15

குறுக்குச் சட்டங்கள் இரண்டு, 40க்கு 15, நீளம் 220. திருகாணி மட்டும், பசை கூடாது. நடுத் திருகாணிக்கு வட்டத் துளை. ஓரத் திருகாணிகளுக்கு 4க்கு 8 மி.மீ. நீள்துளையும் வாஷரும். நடு பிடித்துக்கொள்ள, ஓரங்கள் நகரும். பசை போட்டு இறுக்கினால் பலகை சுருங்க வழியில்லாமல் நடுவே வெடித்துக்கொள்ளும், பழைய மூடிகளில் காணும் நெடுங்கீறல் பலவும் இப்படி வந்ததுதான்.

அரை மி.மீ. இதோடு வாழலாம். மேலும் கீழும் ஒரே நாளில் நீலம்.

பிப்ரவரி 16

பூ.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் செய்த பெட்டிகளில் முன்பக்கத்தில் கட்டங்கள், கட்டத்துக்குள் டூலிப், பல பெட்டிகளில் உரியவரின் பெயரும் ஆண்டும். அந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பூ, நடுவில் 180க்கு 60 மி.மீ. மஞ்சள் காவிக் கட்டம். ஆண்டு எழுதியாயிற்று. மேலே பெயருக்கான இடம் காலி.

நார்வேயின் மரப் பூவோவியத்தில் தெலமார்க் வட்டாரப் பாணியில் கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், ஹாலிங்டால் வட்டாரத்தில் இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம். இவ்வளவு சின்ன முகத்துக்கு இரண்டாவதுதான் சரி.

இந்தக் கலை முழுவதும் ஒரே வீச்சுதான்: காற்புள்ளி வீச்சு. 6ஆம் நம்பர் வட்டத் தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, நுனியை உருட்டிக் கூர்மையாக்கி, மரத்தில் அழுத்தினால் தலை. இழுத்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்தால் வால். வால் இரண்டாகப் பிரிந்தால் பெயின்ட் கெட்டி. தலை ஒழுகினால் தண்ணீர் அதிகம். வால் மொட்டையாக நின்றால் கை நின்றுபோய்விட்டது, தூரிகை நிற்பதற்கு முன்பே மரத்தைவிட்டு எழ வேண்டும். விரலால் இழுத்தால் கோடு நடுங்கும். சுண்டுவிரலை ஊன்றி முழங்கையால் இழுக்க வேண்டும். திருத்தக் கூடாது. திருத்திய இதழ் தனியாகத் தெரியும், சுமாராக விழுந்த இதழ் கூட்டத்தில் கரையும்.

காகிதத்தில் அறுபது, பெட்டியில் இருபத்திரண்டு. கை இன்று சொன்னபடி கேட்டது.

பிப்ரவரி 17

மூடிக்கு வெடிப்பு வேலை (பழசாகத் தெரிய மேல்பூச்சை வெடிக்கவிடுவது) செய்யலாமா என்று மிச்சப் பலகைத் துண்டில் சோதனை. காவிக்கு மேல் வஜ்ஜிரப் பசை (தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை), பசை தொட்டால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேல்பூச்சு. பசை மெல்லியதானால் மயிரிழை வெடிப்பு, தடித்தால் ஆற்றுப்படுகை. மேல்பூச்சை ஒரே இழுப்பில் போட வேண்டும். இரண்டாம் முறை தூரிகை பட்டால் வெடிப்பு மூடிக்கொண்டு சேறாகும்.

நன்றாகத்தான் வந்தது. ஆனால் நகத்தால் சுரண்டினால் சில்லு பெயர்கிறது. வேண்டாம்.

பிப்ரவரி 18

கையில் பெயின்ட், போனைத் தொட முடியவில்லை. குழந்தைச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் இல்லை, வேறு யாரோ.

பிப்ரவரி 20

வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய். கடையில் 'பாய்ல்டு' என்று வருவதில் பெரும்பாலும் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். குழந்தை வாய் படும் சாமானுக்கு அது வேண்டாம். காய்ச்சாத பச்சை எண்ணெய்தான், மெல்லிசாக. இருபது நிமிடம் கழித்து முழுவதும் துடைத்துவிட வேண்டும், தங்கிய எண்ணெய் பிசுபிசுவென்றே நிற்கும். காய ஒரு வாரம், ஈரக்காற்றில் இன்னும் மேலே.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் தனித்தனியாக விரித்திருக்கிறேன்.

உள்பக்கத்துக்கு எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. மூடிய பெட்டிக்குள் எண்ணெய் காயாது, சிக்கு வாடை துணியில் ஏறி வருடக்கணக்கில் போகாது. அங்கே அவலரக்கு இரண்டு பூச்சு.

மஞ்சள் கட்டத்தை மட்டும் எண்ணெயிலிருந்து காப்பாற்ற வேண்டும். எண்ணெய் ஏறிய இடத்தில் பால் பெயின்ட் பிடிக்காது. சுற்றிலும் டேப் ஒட்டி மேலே காகிதம்.

பிப்ரவரி 21

மூடி 1 மி.மீ. மழை.

பிப்ரவரி 22

கீல். மூடிக்கும் பின்பலகைக்கும் இடையில் உள்ள சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 13க்கு மேல். நடுவில் எந்த அளவானாலும் சின்ன விரல் நுழையும், நுழைந்த விரல் நசுங்கும். 3 வைத்தேன். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் மூடித்தாங்கி. கொக்கி, பூட்டு எதுவும் இல்லை. பின்பலகையின் மேல் ஓரத்தில் 20 மி.மீ. காற்றுத்துளை நான்கு, சுவரோடு சேர்த்து வைத்தாலும் அடைபடாமல் இருக்கப் பின்னால் இரண்டு முட்டுக்கட்டை.

பிப்ரவரி 23

இன்றுதான் குழந்தைக்குச் சொன்ன தேதி. செய்தி ஒன்றும் இல்லை.

கட்டத்தின் மேல் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, விரல் எண்ணெய் பட்டு ஒரு தடம். 320 நம்பரால் மெல்லத் தேய்த்து மஞ்சள் காவி ஒரு பூச்சு.

பிப்ரவரி 24

மூடி அரை மி.மீ. காத்திருக்கும் நேரத்தில் இரண்டு அடி மூலைகளுக்கும் மறுபடி மெழுகு. தேவையே இல்லாத வேலை.

பிப்ரவரி 26

பெயர் மூன்று எழுத்து. அதிகாலையிலேயே பால் திரித்தாயிற்று, திரளை அலசலில் இருக்கிறது. எழுத்து உயரம் 28 மி.மீ. என்று கோடு போட்டிருந்தேன். நடு எழுத்துக்கு மேல்விசிறி, அதாவது மேலே வளையும் குறி, வருகிறது, கட்டத்தின் மேல் ஓரத்தில் 4 மி.மீ.தான் மிச்சம். 24 ஆகக் குறைத்தால் விசிறிக்கு இடம் கிடைக்கும், ஆனால் 6ஆம் நம்பர் தூரிகை பருமன், 3ஆம் நம்பர் எங்கே