துடைப்பதற்கு முன்

வந்தது ஒரு பழைய சின்ன லாரி. பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது, டப்பாவில் பிரேக் ஆயில் நிற்பதே இல்லை என்றார் ஓட்டுநர். பின்பக்க இடது டயரின் உட்புறம் நனைந்திருந்தது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்தான் ஒழுகுகிறது என்று குனிந்து பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன்.

சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் லேசில் வரவில்லை. பல வருடம் தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு வரம்பு எழும்பியிருக்கும், டிரம்மின் உட்புறம் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் எவ்வளவு தட்டினாலும் வீண். பின்தட்டின் ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவைச் சுருக்க வேண்டும். கழற்றியதும் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினேன். பிரேக் ஆயில் சொட்டியது. நினைத்தது சரிதான் என்ற குஷியில் உள்ளே இருந்த பிசுக்கு மொத்தத்தையும் கிளீனர் அடித்துத் துடைத்தேன். (காற்றடித்து ஊதவில்லை. ஷூவின் மேலுள்ள உரசும் பட்டையான லைனிங் பழசாக இருந்தால், மூச்சில் போனால் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் அதில் இருக்கலாம்.)

சிலிண்டரை மாற்றுவது சின்ன வேலை, அதற்கு வரும் குழாயின் நட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. துருப்பிடித்த நட்டோடு குழாயும் முறுக்கிக்கொண்டது. புதுக் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் ஷூ மாற்றினேன். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடமாட்டேன். எந்த ஸ்பிரிங் எங்கே என்று குழம்பினால் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி வேண்டுமே. அப்புறம் குழாயில் புகுந்த ஏரை எடுத்ததும் பெடல் கல் மாதிரி நின்றது.

சில வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. அதே சக்கரம், அதே ஈரம். புது சிலிண்டரே சொத்தை என்று திட்டிக்கொண்டே கழற்றினேன். ரப்பர் மூடிக்குள் பொட்டு ஈரம் இல்லை. இந்தத் தடவை டப்பாவில் ஆயில் இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் ஈரத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "போன தடவை துடைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பார்த்தியா தம்பி?"

கந்தக நாற்றம். பிரேக் ஆயில் நீர்த்து ஓடும், இதுவோ கெட்டியாக விரலில் ஒட்டியது. கியர் ஆயில், ஆக்சில் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆக்சில் சீல் வழியாக வந்திருக்கிறது. போன தடவையும் இரண்டும் கலந்தே இருந்திருக்கும். சாட்சியைத் துடைத்தவன் நான்தான்.

சீலை மட்டும் மாற்றப் போனேன். அவர் என்னை நிறுத்தி, ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மேலிருந்த பிரீதரை, அதாவது காற்று போகும் துளையைக் காட்டினார். சேறு அடைத்து இறுகியிருந்தது. ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல், சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் சீல் மாற்றியிருந்தால் மூன்றாம் முறையும் வண்டி வந்திருக்கும்.

ஷூவைக் கழுவித் திரும்பப் போடலாமா என்று ஒரு நப்பாசை. புதுசுதானே! ஆனால் லைனிங்கில் ஊறிய ஆயில் சூடேறினால் மேலே வரும். இரண்டாம் செட் ஷூவுக்கான பணத்தை ஓட்டுநரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.