கல் கட்டிய முருங்கைக்காய்: ஏழாம் அத்தியாயம் வரை

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிற மாதிரி ஒரு சிரிப்புக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் அத்தியாயம் முடிந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இரண்டுமே சேட்டைக்காரக் குடும்பங்கள்.

பிள்ளைகள் சேட்டை செய்வது பிள்ளைகளுக்கு ஒரு செய்தியே இல்லை. பெரியவர்கள் செய்ய வேண்டும். அதனால் இங்கே அடங்காதவர்கள் இந்த வீட்டுப் பாட்டியும் அந்த வீட்டு மாமாவும்தான். இருக்கிற ஒரே பொறுப்பான ஆள் மூன்றாம் வகுப்புச் செல்வி.

பெரியவர்களைக் கோமாளியாக்காமல் சிரிக்க வைப்பது எப்படி என்று பார்க்க, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை மறுபடி எடுத்தேன். லண்டனில் 1822இல் அச்சேறிய கதை. இன்னும் சிரிப்பு வருகிறது. ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் ஒரு சீடன். அது சுரீரென்று புகைந்ததும் ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து ஓடி வருகிறான். அவன் தமாஷ் பண்ணவில்லை; அவன் கணக்குப்படி அது சரிதான்.

என் பாட்டிக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டியிருந்தது. புடலங்காய் வளையாமல் நீள நுனியில் கல் கட்டுவார்கள் இல்லையா? முருங்கை மரம் நிற்பது மாமா வீட்டில். முருங்கைக்காய்க்கும் கல் கட்டினால் அது நீண்டு வளர்ந்து மதிலைத் தாண்டி நம் பக்கம் வந்துவிடும், அப்புறம் அது நம்ம காய்தானே என்பது பாட்டியின் நியாயம். ராத்திரியில் ஏணி வைத்து ஏறுகிறாள். டார்ச் பிடிப்பது செல்வி.

குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஏணி ஆடியதற்குச் சிரித்தார்கள், கல்லுக்குச் சிரிக்கவில்லை. “புடலங்காய்க்கு எதுக்கு அங்கிள் கல்லு?” என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. மாடித் தொட்டியில் கீரை மட்டும் பார்த்த பிள்ளைகள். அந்த இடத்தில் விளக்கினால் சிரிப்பு செத்துவிடும். அதனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பந்தலில் பாட்டி கல் கட்டுவதையும் செல்வி அதில் தலையை இடித்துக்கொள்வதையும் சும்மா வைத்துவிட்டேன். அடுத்த வாசிப்பில் பாட்டி சணல் கயிற்றை எடுத்ததுமே, “அய்யோ, கட்டப் போறா!” என்று ஒரு குரல் வந்தது.

இப்போது பக்க அமைப்பில் இருக்கிறேன். ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம், ஆக மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக வர வேண்டும். 16 புள்ளி அளவு எழுத்துருவில் வரிக்கு நான்கைந்து சொல்தான் நிற்கிறது. இருபக்கமும் ஓரம் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது, எனவே இடப்பக்கம் மட்டும். ரொம்பப் பிடித்த வேலை ஒற்றைப்படைப் பக்கங்கள்தான். அவை வலது பக்கம் வரும். படித்து முடித்தால் தாளைத் திருப்பியே ஆக வேண்டும். “பாட்டி கீழே பார்த்தாள்” என்பது 37ஆம் பக்கத்தின் கடைசி வரி. ஏணியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்பது 38இல்.

எட்டாம் அத்தியாயத்தில் மாமாவின் பதிலடி. கல்லை அவிழ்த்து எறிய வைப்பதில் சுவாரசியம் இல்லை. “எங்க மரத்துல உங்க கல்லு தொங்குது, மாச வாடகை குடுங்க” என்று ரசீதுப் புத்தகத்தோடு அவரை அனுப்பலாமா என்று இருக்கிறேன்.