முள்ளோடு நிற்கும் காட்டுக்கத்திரி

ரயில் பாதை ஓரம், இடிந்த மதிலடி, ஆடு மேய்ந்து மொட்டையான தரிசு. காட்டுக்கத்திரியைத் தேட வேண்டிய இடங்கள் இவைதான். அடர்ந்த காட்டுக்குள் தேடிப் பயனில்லை. மண் கிளறிக் கிடக்க வேண்டும், வெயில் நேராக விழ வேண்டும். அங்கேதான் இது முளைக்கும். தாவரவியலில் சொலானம் இன்சானம் என்பார்கள், 1767-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். தோட்டத்துக் கத்திரியின் காட்டு மூதாதை இதுவே. இதைக் களை என்று கொத்தி எறிவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நன்றாக வளர்ந்த செடி இடுப்பளவு வரும். தண்டு, இலைக்காம்பு, இலையின் நடு நரம்பு, காயைப் பிடித்திருக்கும் புல்லிவட்டம், எங்கும் முள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டிலும் நேராக நிமிர்ந்து நிற்கும். ஒரு முள்ளை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பட்டென்று கழன்றுவிடும், தண்டில் சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சும், உள்ளே கட்டை கிழியாது. எலுமிச்சை முள்ளிடம் இது நடக்காது, அது உள்ளிருந்து புறப்படுவது. கத்திரியின் முள் ரோஜா முள்ளைப் போலத் தோலிலிருந்து எழுவது. 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதற்குப் பின்னால் உள்ள ஜீனையே காட்டிவிட்டது. சைட்டோகைனின் என்ற ஹார்மோனை உருவாக்கும் வேலையில் பங்குள்ள ஒரு ஜீன் பழுதானதால்தான் தோட்டக் கத்திரி முள்ளை இழந்தது. ரோஜாவின் முள்ளுக்கும் அதே ஜீன் குடும்பம்தான் காரணம். எவ்வளவோ தூரத்து உறவுள்ள இரண்டு செடிகள் முள் செய்ய ஒரே கருவியை எடுத்திருக்கின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இலையின் அடிப்பக்கத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். சாம்பல் பூத்த மாதிரி தெரிவதெல்லாம் முடிகள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளியிலிருந்து பல கைகளாகப் பிரிந்து நட்சத்திரம்போல் விரியும். கத்திரியைச் சேர்ந்த சொலானம் பேரினத்தில் முள்ளுள்ள கூட்டத்தின் அடையாளமே இந்த நட்சத்திர முடிதான்.

பூ ஊதா, சில செடிகளில் வெளிர் ஊதா. நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். அவை நீளவாட்டில் வெடிப்பதில்லை; நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளியே வரும். அதை உதிர்க்க அதிர்வு வேண்டும். கருவண்டு, அதாவது மரத்தைத் துளைக்கும் பெரிய கருந்தேனீ, பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே மார்புத் தசையை அதிரவைக்கும். ரீங்காரம் சட்டென்று தொனி மாறுவதைப் பக்கத்தில் நின்றால் காதாலேயே கேட்கலாம். நீலப்பட்டைத் தேனீக்கும் இந்த வித்தை தெரியும். கூட்டுத் தேனீக்குத் தெரியாது. இன்னொன்று: ஒரே கொத்தில் எல்லாப் பூவும் காயாகாது. அடியில் உள்ள பூவில் பெண் பாகமான சூல்தண்டு நீண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் காய்க்கும். மேலே உள்ளவை பெரும்பாலும் ஆண் வேலை பார்த்துவிட்டு உதிர்பவை.

காய் உருண்டை. பச்சையில் கரும்பச்சைக் கோடும் வெள்ளைத் திட்டும் கலந்திருக்கும், பழுத்தால் மஞ்சள். இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். கொத்துக் கொத்தாகச் சின்னச் சிவப்புப் பழமும் பின்னோக்கி வளைந்த முள்ளும் இருந்தால் அது சொலானம் வயலேசியம். தரையோடு படர்ந்து நீண்ட மஞ்சள் முள்ளோடு கிடந்தால் கண்டங்கத்திரி. கொடியாக ஏறினால் தூதுவளை. வெள்ளைப் பூவோடு ஆளுயரம் நின்றால் சுண்டை. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே பரவியது.

காட்டுக்கத்திரி இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. மடகாஸ்கரிலும் மொரீசியஸிலும்கூட உண்டு. நெடுங்காலம் பலர் சொலானம் இன்கானம் என்ற வேறொரு இனத்தைக் கத்திரியின் மூதாதையாக எழுதிவந்தார்கள். அது வடகிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாகப் பாகிஸ்தான் பக்கம் வரை உள்ள வறண்ட நிலத்துச் செடி, நெருங்கிய சொந்தம் மட்டுமே. ஆனால் கத்திரியும் இந்த நெருங்கிய சொந்தங்களும் சேர்ந்த கூட்டத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்காதான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கென்யாவில் இதன் உறவான ஒரு புதர்ச் செடியின் பழத்தை யானையும் இம்பாலா மானும் தின்று, முளைக்கும் திறனுள்ள விதையைச் சாணத்தில் போடுகின்றன. இந்தக் கூட்டம் கண்டம் தாண்டியதில் பெரிய விலங்குகளுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

தோட்டக் கத்திரியோடு இது தடையின்றி இனக்கலப்பு செய்யும். பிறக்கும் செடியும் நன்றாகக் காய்க்கும். அதனால்தான் வறட்சியும் உப்பும் தாங்கும் கத்திரி ரகம் தேடுபவர்கள் இதன் விதையைச் சேகரிக்கிறார்கள். தோட்டத்துக்கு அருகில் நிற்கும் செடியில் கலப்பு இருக்கலாம்: முள் குறைந்து, காய் பெருத்து, பூவில் ஐந்துக்கு மேல் இதழ் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். படம் எடுக்கும்போது பூவோடு நிறுத்தாதீர்கள். இலையின் அடிப்பக்கம், முள்ளின் அடிப்பாகம், புல்லிவட்டத்தோடு காய், இந்த மூன்றும் தெளிவாக இருந்தால்தான் எந்தச் செடி என்று சொல்ல முடியும்.