நீலகிரி தண்ணீரில் இறங்கியபோது பாதிக் கப்பல்கூட இல்லை

ஸ்டெல்த் போர்க்கப்பல் என்றதும் ரேடாரிலேயே விழாத மாயக் கப்பல் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. இந்தியக் கடற்படையின் அப்படிப்பட்ட ஸ்டெல்த் கப்பல்தான் ஐ.என்.எஸ். நீலகிரி: 149 மீட்டர் நீளம், 6,670 டன் எடை. அவ்வளவு பெரிய எஃகை யாராலும் மாயமாக்க முடியாது. ரேடார் திரையில் அது இருப்பதைவிடச் சின்னதாகத் தெரிய வேண்டும், எதிரி இன்னும் நெருங்கி வந்தால்தான் அடையாளம் காண முடியும் என்ற நிலை வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அதற்காகத்தான் பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கின்றன, வந்து மோதும் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறிவிடும். பழைய கப்பல்களில் வெளியே துருத்திக்கொண்டிருந்த சாமான்கள் எல்லாம் முடிந்தவரை உள்ளே போய்விட்டன. கரையில் கட்டும் கயிறுகளைக் கையாளும் தளம்கூட மூடிய அறைக்குள்தான். பிரம்மோஸ் ஏவுகணைகள் மேல்தளத்துக்குக் கீழே நெட்டுக்குத்தாக நிற்கின்றன. சுற்றிச் சுழலும் பெரிய ஆன்டெனாவுக்குப் பதிலாக, பிரதான ரேடார் நான்கு தட்டையான பலகைகளாகக் கோபுரத்திலேயே பதிந்திருக்கிறது. வடிவத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது, புகைபோக்கியின் சூடும் என்ஜினின் சத்தமும் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். நீர்மூழ்கிக்குக் காதுதானே கண், அதனால் சத்தத்தைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்பது என் எண்ணம்.

சரி, கட்டிய கதைக்கு வருவோம். மும்பையின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் 2017 டிசம்பர் 28 அன்று கீல், அதாவது கப்பலின் அடித்தண்டு, வைத்தார்கள். அடியிலிருந்து மேலே வரை வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிற பழைய முறை இல்லை. தனித்தனி பிளாக்குகளாகச் செய்து, குழாய், கேபிள் எல்லாம் முடிந்த அளவுக்கு உள்ளேயே பொருத்திவிட்டு, அப்புறம் ஒன்றோடொன்று வைத்து வெல்டிங் செய்யும் முறை. 2019 செப்டம்பர் 28 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். படம் பார்த்தவர்கள் கப்பல் தயார் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அதன் எடை சுமார் 2,700 டன்தான். மீதி எல்லாம், அதாவது ஆயுதம், ரேடார், ஆள் தங்கும் வசதி என்று பெரும்பகுதி, அதற்கப்புறம்தான் ஏறியது.

கடற்படையின் கைக்கு அது வந்தது 2024 டிசம்பர் 20. இறக்கியதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல்! நடுவில் கொரோனா வேறு. என்ஜின் ஏற்பாடும் லேசுப்பட்டதில்லை: நிதானமாகப் போக இரண்டு டீசல் என்ஜின், விரட்டிப் போக இரண்டு கேஸ் டர்பைன், ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு வகைதான் ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கியர்பாக்ஸ் அந்த மாற்றத்தைச் சத்தமில்லாமல் தாங்க வேண்டும். கடலில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்காமல் இதையெல்லாம் நம்ப முடியாது.

அதுவரை காகிதத்தில் அது, கட்டுகிற தளம் கொடுத்த எண்ணான 'யார்டு 12651'தான். ஐ.என்.எஸ். என்கிற மூன்றெழுத்து 2025 ஜனவரி 15 அன்று, மும்பையில் பிரதமர் கலந்துகொண்ட விழாவில்தான் சேர்ந்தது. இணைப்பு ஆணையை கமாண்டிங் ஆபீசர் வாசிப்பார், தேசிய கீதத்தோடு கடற்படைக் கொடி ஏறும், கொடிமரத்தில் நீளமாக ஒல்லியாக ஒரு கொடி பறக்கும். கப்பல் ஓய்வுபெறும் நாள்வரை அது இறங்காது.

நம்ம நீலகிரி மலையின் பெயரில் இது இரண்டாவது கப்பல். முதலாவது 1972 ஜூன் 3 அன்று சேர்ந்தது, அதுவும் மசகான் டாக்கில் கட்டியதுதான். பிரிட்டிஷ் லியாண்டர் வகை வடிவம். 1996இல் ஓய்வு கொடுத்து, மறு வருஷம் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காக வைத்து மூழ்கடித்துவிட்டார்கள்.

புதியதில் 75 சதவீதம் உள்நாட்டுப் பங்கு என்கிறார்கள், வடிவமைப்பு கடற்படையின் சொந்த அலுவலகத்துடையது, பெருமைதான். ஆனால் கேஸ் டர்பைன் வடிவமைப்பு அமெரிக்காவுடையது, பிரதான ரேடார் இஸ்ரேலுடையது. அந்த மீதி 25இல்தான் விலை உயர்ந்த சாமான்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. வேகம் மட்டும் நிஜமாகவே கூடியிருக்கிறது: இதே வகையில் அடுத்ததாக மசகான் டாக் கட்டிய உதயகிரி, தண்ணீரில் இறங்கிய 37 மாதத்தில் கடற்படையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.